ஒற்றைப்படை வண்டிகள்

மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து அந்த பஸ் டிப்போவில் வேலை நடந்ததோ இல்லையோ, மேஸ்திரியின் வாய் மட்டும் ஒரு நாள்கூட ஓய்ந்ததில்லை. காகிதத்தில் அவர் தலைமை மெக்கானிக். மேனேஜர் முதல் கேட் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் மேஸ்திரிதான். காலை டீ வந்ததும் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு வண்டியின் பம்பர்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தாரென்றால் கூட்டம் ஆரம்பம் என்று அர்த்தம்.

"என்ன குறை வெச்சோம் அவங்களுக்கு? சொல்லுங்கய்யா, என்ன குறை வெச்சோம்? ரோடு போட்டுக் குடுத்தோமா இல்லையா? மூட்டையைத் தலையில தூக்கிட்டு மலையிலேர்ந்து நடந்து இறங்கின ஜனத்துக்கு மணிக்கு ஒரு பஸ் விட்டோமா இல்லையா? இன்னும் என்னவாம்? தனி மாநிலம் வேணுமாம். இன்னைக்கு இவனுக்குக் குடுத்தா நாளைக்கு அடுத்தவன் கேப்பான். அப்புறம் தெருவுக்கு ஒரு முதலமைச்சர். கடைசியில நாடே சுக்குநூறாப் போயிடும், பாத்துக்கிட்டே இருங்க."

டிப்போ இருந்தது மலையடிவாரத்தில். தனி மாநிலம் கேட்டது மலைப்பக்கத்து மாவட்டங்கள். ஆகவே கேட்டுக்கொண்டு நின்றவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள், பாதிப் பேர் டீயைக் குடித்தார்கள். டீ குடித்தவர்களில் ஒருவர் சின்னவர்.

சின்னவர் டிப்போவின் இரண்டாவது மெக்கானிக். மேஸ்திரிக்குச் சகலை. அக்காவை மேஸ்திரி கட்டினார், தங்கையைச் சின்னவர் கட்டினார். வயதைப் பார்த்தால் சின்னவர்தான் இரண்டு வருஷம் மூத்தவர், ஆனால் அதை எவன் பார்த்தான்? மாமனார் வீட்டில் மூத்த மாப்பிள்ளை பெரியவர், இளைய மாப்பிள்ளை சின்னவர். அந்தப் பட்டம் டிப்போவுக்கும் கூடவே வந்துவிட்டது. மேஸ்திரி அவரை "நீ" என்பார், அவர் மேஸ்திரியை "நீங்க" என்பார். இருபது வருஷமாய் அப்படித்தான்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சின்னவர் வாயைத் திறந்தார். "புதுசா ஒரு மாநிலம் வந்தா நாடு உடையாதுங்க. மாநிலம்தானே கூடும்" என்றார். "கிழிச்சுது! உனக்கு என்ன தெரியும், அந்த ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்து போ" என்றார் மேஸ்திரி. சின்னவர் போய் ஊற்றினார்.

கத்தினாரே தவிர, மேஸ்திரிக்கு உள்ளூர இருந்த பயம் வேறு. நாடு உடைந்தால் நாளைக்கும் பார்த்துக்கொள்ளலாம். வீடு உடைந்தால் என்ன செய்வது? டிப்போ குவார்ட்டர்ஸில் இரண்டு சகலைகளுக்கும் அடுத்தடுத்த வீடு. இரண்டு அடுப்படிக்கும் நடுவில் இருந்த சுவரை ஒரு லீவு நாளில் இடித்து வழி பண்ணிவிட்டார்கள், மேனேஜர் கண்டும் காணாமல் போய்விட்டார். எந்தக் கரண்டி யாருடையது என்று அந்தச் சகோதரிகளுக்கே தெரியாது. மேஸ்திரிக்குப் பிள்ளை இல்லை. தங்கையின் இரண்டு பெண்களும் இந்த வீட்டில் தூங்கி அந்த வீட்டில் பல் தேய்த்து வளர்ந்தவர்கள். "பெரியப்பா" என்று அவர்கள் கூப்பிட்டால் போதும், மேஸ்திரியின் அத்தனை மிடுக்கும் ஆறிப்போன டீ மாதிரி ஆகிவிடும். சின்னவரோ பிறந்தது மலைமேல். மாநிலம் பிரிந்தால் ஆளையும் பிரிப்பார்கள். சின்னவரை மேலே தள்ளிவிட்டால் அந்தக் குடும்பம் மொத்தமும் போய்விடும்.

சட்டம் நிறைவேறியது. அடுத்த வாரமே விருப்பப் படிவம் வந்தது. பழைய மாநிலமா, புது மாநிலமா என்று ஒவ்வொருவரும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஆபீஸில் கொடுக்க வேண்டும். ஆள் பிரிக்கிற லிஸ்ட் வருகிறவரை வாபஸ் வாங்கலாம், வந்துவிட்டால் மாற்ற முடியாது. மேஸ்திரி தன் படிவத்தை எல்லார் கண்முன்னாலும் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "நீயும் இங்கதானே போடறே?" என்று சின்னவரைக் கேட்டார்.

"ம்" என்றார் சின்னவர்.

அந்த "ம்"மைக் கையில் பிடித்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் பறந்தார். "கவலையே படாதே. உன் தங்கச்சி எங்கேயும் போகமாட்டா. நான் கேட்டாச்சு." மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். ஒரு சந்தோஷத்தைக் காணோமே என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இப்போது பிரேக் லைனிங் கதைக்கு வருவோம். சக்கரத்துக்குள்ளே பிரேக் ஷூ என்ற வளைந்த இரும்பின்மேல் உட்கார்ந்து, சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துகிற பட்டை அது. செருப்பின் அடி மாதிரி தேயும், தேய்ந்தால் புதிது போட வேண்டும். மலைப்பாதையில் ஓடுகிற வண்டிகள் டிப்போவில் பன்னிரண்டு, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர். ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு: லைனிங் பார்க்கிற முறை வந்தால் ஒற்றைப்படை நம்பர் வண்டிகள் ஒரு வாரம், அடியில் நின்று வேலை செய்கிற குழிக்கு வரும், இரட்டைப்படை வண்டிகள் அடுத்த வாரம் வரும். போன தடவை ஆறு வண்டிக்குத்தான் புது லைனிங் வந்தது. அது ஒற்றைப்படை வாரம், ஒற்றைப்படை வண்டிகளுக்குப் போட்டார்கள். அடுத்த வாரத்துக்குள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது: பிரிவினை முடியும்வரை ஒரு ஆணிகூட வாங்கக் கூடாது. ஆக, ஒற்றைப்படை ஆறும் புது லைனிங், இரட்டைப்படை ஆறும் தேய்ந்த லைனிங்.

அந்தச் சமயம் பார்த்து ஆபீஸ் கிளார்க் ஒரு செய்தி கொண்டுவந்தான். எந்தச் செய்தியும் முதலில் இவன் காதில்தான் விழும் என்பதால் அவனுக்குத் தந்தி என்று பெயர். "வண்டியைப் பிரிக்கறாங்க. பாதிக்குப் பாதி. ஒற்றைப்படை மலைக்கு, இரட்டைப்படை நமக்கு. தலைமை அலுவலகத்துல பேசிட்டாங்களாம்."

ஷெட் கொதித்துவிட்டது. "நம்ம கையால போட்ட லைனிங்! அப்படியே தூக்கிக் குடுத்துட்டு நாம தேய்ஞ்சதை வெச்சுக்கிட்டு உக்காரணுமா?" என்று குதித்தான் நெட்டை. ஷெட்டிலேயே உயரமான ஃபிட்டர், கோபமும் அந்த உயரத்துக்கு வரும். யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஒற்றைப்படை வண்டியில் இருக்கிற புதிதைக் கழற்றி இரட்டைப்படையில் போட்டுவிட்டு, தேய்ந்ததை அங்கே மாட்டிவிட வேண்டியது. பாகப்பிரிவினைக்கு முதல்நாள் நல்ல பாத்திரங்களைப் பரணில் ஏற்றி ஒளிக்கிற அண்ணன்மார்களைப் பார்த்ததில்லையா? அதே புத்திதான்.

மேஸ்திரிக்கு ஒரு நிமிஷம் மனசு உறுத்தியது. தேய்ந்த லைனிங் தட்டையான ரோட்டில் இரண்டு மாதம் ஓடும். மலையில் ஒரு மாதம் தாங்கினால் அதிகம். "மேல போனதும் அவங்க புதுசு வாங்கிப் போட்டுக்குவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, மேனேஜர் வராத நாளாகப் பார்த்து, வேலை நடந்தது. ஒன்றிலிருந்து ஆறு வரை மேஸ்திரியின் பொறுப்பு, ஏழிலிருந்து பன்னிரண்டு வரை சின்னவர் பொறுப்பு. சின்னவர் வழக்கமாக எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும், மலைக்காரர்களான இரண்டு ஃபிட்டர்களைத் தனக்குக் கொடுங்கள் என்று கேட்டார்.

"உன் ஊர்க்காரனை வெச்சே உன் ஊருக்கு ஆப்பு வெக்கறியா! பலே பலே" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். சின்னவரும் சிரித்தார்.

மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆச்சா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"ஆச்சு."

அதற்கு அடுத்த திங்கட்கிழமை உத்தரவு வந்தது. மேனேஜர் படிக்கப் படிக்க ஷெட்டில் ஒருத்தன் முகத்திலும் ஈயாடவில்லை. இரட்டைப்படை வண்டிகள் ஆறும் புது மாநிலத்துக்கு. ஒற்றைப்படை ஆறும் இங்கேயே. எட்டு நாளில், அடுத்த செவ்வாய்க்கிழமை, இரண்டு பக்கத்துத் தலைமை மெக்கானிக்குகளும் கூட்டாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும்.

"அடப்பாவி தந்தி!" என்று நெட்டை பாய்ந்தான். தந்தி அதற்குள் ஆபீஸுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். மூன்று ஞாயிறு முதுகு ஒடிய வேலை செய்து நல்லதையெல்லாம் எடுத்து அடுத்தவனுக்கு மாட்டிக்கொடுத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கூடி நின்று பத்து நிமிஷம் திட்டித் தீர்த்தார்கள். அப்புறம் முடிவு பண்ணினார்கள்: எல்லாவற்றையும் திருப்பி மாட்ட வேண்டியதுதான்.

சின்னவர் அன்றைக்குக் காலையிலேயே நாலு நாள் லீவில் மலைக்குப் போயிருந்தார். சொந்த வீட்டில் ஏதோ வேலை என்று சொல்லியிருந்தார். சரி, பாவம், அவருடைய வேலையை முதலில் முடித்துவைப்போம் என்று மேஸ்திரி செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பர் வண்டியைக் குழிக்கு ஏற்றினார். சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்தார். உள்ளே இருக்க வேண்டியது தேய்ந்த லைனிங். இருந்ததோ புதுசு. போன தடவை தானே தன் கையால் பட்டையின் ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட குறிகூட அழியவில்லை.

எட்டாம் நம்பரைப் பிரித்தார். தேய்ந்தது. ஒன்பது, புதுசு. பத்து, தேய்ந்தது. பதினொன்றையும் பன்னிரண்டையும் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. நெட்டைதான் பிரித்தான். பிரித்துவிட்டுக் குதித்தான். "மேஸ்திரி! சின்னவர் தொடவே இல்ல! பாதி வேலை மிச்சம்! சோம்பேறித்தனத்துலயும் ஒரு அதிர்ஷ்டம் பாருங்களேன்."

சோம்பேறியா? இருபது வருஷத்தில் சின்னவர் ஒரு நட்டை அரைகுறையாய் முறுக்கிப் பார்த்ததில்லை. மேஸ்திரி கிரீஸ் கையோடு ஆபீஸுக்குப் போனார். அவரைப் பார்த்ததும் தந்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"அடிக்க வரலை, உக்காரு. ஆள் பிரிக்கிற லிஸ்ட் வந்தாச்சா?"

"இன்னைக்கு வந்துது. ஒட்டப்போறேன்." தந்தி தயங்கினான். "மேஸ்திரி, உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்? மேல புது டிப்போவுக்கு உங்க சகலைதான் தலைமை மெக்கானிக். விருப்பம் முதல் நாளே போட்டுட்டாரு. முதல் உறையே அவரோடதுதான்."

மேஸ்திரி லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தார். கிரீஸ் விரல் அதில் பதிந்தது. இப்போது கணக்கு புரிந்தது. ஒற்றைப்படை மலைக்கு என்று தந்தி சொன்ன அன்றைக்கே சின்னவருக்குத் தெரியும், அந்த வண்டிகள் தன் வண்டிகள் என்று. அதனால்தான் தன் பங்கில் கை வைக்கவில்லை. கூடவே போகிற இரண்டு பேரை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிறு சும்மா ஜாக்கியைத் தூக்கி இறக்கியிருக்கிறார். கடைசியில் உத்தரவு தலைகீழாய் வந்து அவர் மூக்கையும் உடைத்துவிட்டது, அது வேறு விஷயம். "ம்" என்றானே! என் முகத்தைப் பார்த்து "ம்" என்றானே!

ஷெட்டுக்குத் திரும்பியபோது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் ஏத்துங்கடா. மூணு ஜோடியையும் மாத்து. ஒரு புது லைனிங் மேல போகக் கூடாது. ஒண்ணுகூட."

வியாழக்கிழமை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஒற்றைப்படை ஆறும் புதுசு, இரட்டைப்படை ஆறும் தேய்ந்தது. நெட்டை எல்லாருக்கும் டீ சொன்னான். மேஸ்திரி தன் டீயைக் குடிக்கவில்லை. அதில் ஒரு எறும்பு விழுந்து நீந்திக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் சின்னவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஷெட்டுக்கு வந்தார். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த லிஸ்ட்டையும் மேஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"உங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.

"சொல்லியிருக்கணும்? முதுகுல குத்திட்டு, வலிக்குதான்னு கேக்கறியா? என்னடா குறை வெச்சேன் உனக்கு? வேலை வாங்கிக் குடுத்தேனா இல்லையா? பக்கத்து வீட்டையே கேட்டு வாங்கிக் குடுத்தேனா இல்லையா? உன் பொண்ணுங்களை என் பொண்ணா..."

"குறையே வெக்கலைங்க. யாரு இல்லேன்னா? எல்லாம் நீங்க வாங்கிக் குடுத்ததுதான்" என்றார் சின்னவர். கோபமில்லாமல்தான் சொன்னார், அதுதான் மேஸ்திரிக்கு இன்னும் உறைத்தது. "மலை வண்டிக்கு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை லைனிங் பாத்தா போதாது, மூணு வாரத்துக்கு ஒரு தடவை பாக்கணும்னு நாலு தடவை சொன்னேன். அந்த ரோட்டுலயே பொறந்து வளந்தவன் சொல்றேன்னு கெஞ்சினேன். ஞாபகமிருக்கா?"

மேஸ்திரிக்கு ஞாபகமில்லை.

"'உன் வேலையைப் பாரு'ன்னீங்க. அதுவும் தப்பில்ல, நீங்க பெரியவரு. ஆனா எனக்கு அம்பத்திரண்டு வயசாச்சு. உங்களைவிட ரெண்டு வயசு மூத்தவன். இத்தனை வருஷத்துல இந்த ஷெட்டுல நான் சொல்லி ஒரு நட்டை ஒருத்தனும் முறுக்கினதில்ல. சாகறதுக்கு முன்னாடி ஒரு ஷெட்டை நான் சொல்றபடி நடத்திப் பாக்கணும். அவ்வளவுதாங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"அப்போ ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"எப்போ சொல்றது? நீங்க எப்போ வாயை மூடினீங்க?"

மேஸ்திரி கையை ஓங்கிவிட்டார். ஓங்கிய கை எங்கே போவதென்று தெரியாமல் தன் தலையையே தடவிக்கொண்டது. "உன் இரட்டைப்படை வண்டி ஆறுலயும் தேய்ஞ்சதைத்தான் மாட்டியிருக்கேன். தெரிஞ்சுக்க. இன்னைக்கு மதியம் மாட்டினேன். போ, போய் ஷெட்டு நடத்து."

சின்னவர் வண்டிகளின் பக்கம் திரும்பினார். "நான் பண்ணினதும் அதே திருட்டுதானே. எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?" என்றார். "மெதுவா, ரெண்டாம் கியர்லயே இறக்கிக்கிறேன். புதுசு வர்ற வரைக்கும் ட்ரிப்பைக் குறைச்சுக்கணும்." பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்த மேஸ்திரிக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

வீட்டில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிவரை போனார். "ஒரு விஷயம் சொல்லணும். மனசைத் திடப்படுத்திக்க. உன் தங்கச்சி..."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"போறாங்கன்னு தெரியும். படிவம் போட்ட அன்னைக்கே தெரியும். பத்து நாள் அவளும் நானும் இந்த அடுப்படியிலதான் அழுதோம். இப்போ அழுது முடிச்சாச்சு. பெரியவளுக்கு மேல காலேஜ்ல இடம் பாத்தாச்சு, சின்னவளுக்கு ஸ்கூல் பாத்தாச்சு. லீவுக்கு இங்க வந்துடுவாளுங்க."

"பொண்ணுங்களுக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"ஊர் உலகத்துக்கே தெரிஞ்சு எனக்கு மட்டும் தெரியாதா? என்கிட்ட ஒருத்தி சொல்லக் கூடாதா?"

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்ககிட்ட எவளால சொல்ல முடியும்? 'மாமா கத்துவாரு, அப்புறம் இவரு பயந்துகிட்டு எழுதினதை வாபஸ் வாங்கிடுவாரு'ன்னு அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நீங்க நல்லவருதான். நான் இல்லேங்கல. ஆனா நீங்க எல்லாருக்கும் எல்லாம் குடுத்துட்டு, வாயையும் நீங்களே வெச்சுக்கிறீங்க." மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை முதல் வண்டியிலயே சாமானோட போறாங்க. எட்டாம் நம்பர் வண்டி. உங்க கையால பாத்து அனுப்புங்க."

எட்டாம் நம்பர். அதன் லைனிங் என்ன நிலைமையில் இருக்கிறது என்று இந்த உலகத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மேஸ்திரி வாசல்படியில் போய் உட்கார்ந்தார். சின்னவள் பக்கத்து வீட்டிலிருந்து வந்து, "என்ன பெரியப்பா, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கினார். அவளும் நம்பின மாதிரி உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை டீக்குக்கூடக் காத்திருக்காமல் ஷெட்டில் எல்லாரையும் கூப்பிட்டார். "ஆறு ஜோடியையும் மாத்தறோம். புதுசு எல்லாம் இரட்டைப்படைக்கு."

"என்ன மேஸ்திரி, பைத்தியமா?" என்றான் நெட்டை. "நம்ம மாநிலத்துச் சாமானை எடுத்து அவனுக்குக் குடுக்கறதா? இது துரோகம்."

"ஏன்டா, போன மாசம் வரைக்கும் மாநிலத்துக்கு எத்தனை மாவட்டம்னு கேட்டா வாயில விரலை வெச்சுக்கிட்டு நின்னே. இப்போ உனக்கு மாநிலப் பாசம் பொத்துக்கிட்டு வருதா? செவ்வாய்க்கிழமையிலேர்ந்து நம்ம வண்டி அடிவாரத்தோட திரும்பிடும். தட்டை ரோட்டுல தேய்ஞ்சது ரெண்டு மாசம் ஓடும், அதுக்குள்ள புதுசு வந்துடும். மேலேர்ந்து இறங்கறவன் என்ன பண்ணுவான்? காலைத் தரையில தேய்ச்சு நிறுத்துவானா? ஜனம்டா. உள்ள ஜனம் உக்காந்திருக்கும்."

நெட்டை முணுமுணுத்தான். யூனியனில் சொல்கிறேன் என்றான். "சொல்லு. எதை எத்தனை ஞாயித்துக்கிழமை கழட்டி மாட்டினோம்னும் சேத்தே சொல்லு" என்றார் மேஸ்திரி. நெட்டை போய் ஜாக்கியை எடுத்தான். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், நான்கு நாளும் ஷெட் ஓயவில்லை. சின்னவருக்குச் சாமான் கட்டுகிற வேலை இருந்தது, இந்தப் பக்கம் வரவில்லை. எட்டாம் நம்பருக்கு மட்டும் மேஸ்திரி யாரையும் கிட்டே விடவில்லை. நாலு சக்கரத்தையும் தானே பூட்டினார். பேச்சில்லாமல் அவர் வேலை செய்து அன்றைக்குத்தான் ஷெட் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒப்படைப்பு. ஆறு வண்டிகளையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேனேஜர் ஒரு பக்கம், மலைப்பக்கத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு பக்கம், நடுவில் ரெஜிஸ்டர். சின்னவர் துவைத்த காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எட்டாம் நம்பர் வண்டியின் கூரைமேல் ஏற்கெனவே கட்டிலும் பெட்டிகளும் ஏறியிருந்தன. அக்காவும் தங்கையும் வண்டி ஓரமாய்க் கைகோத்துக்கொண்டு நின்றார்கள்.

சின்னவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வண்டியாக ஜாக்கி போட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். இரண்டாம் நம்பரில் சக்கரத்தின் உள்பக்கத்து ஓட்டையில் டார்ச் அடித்துக் குனிந்தவர், புது லைனிங்கைக் கண்டதும் சட்டென்று நிமிர்ந்து மேஸ்திரியைத் தேடினார். மேஸ்திரி ஆகாயத்தில் ஏதோ முக்கியமான விஷயம் இருக்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவர் அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். நாலு, ஆறு, பத்து, பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். எட்டாம் நம்பரைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

இடது பின்சக்கரத்தைச் சுற்றினார். நிறுத்தினார். காதைப் பக்கத்தில் வைத்து மறுபடி சுற்றினார்.

"இது உரசுது" என்றார்.

மேஸ்திரி கையால் பூட்டிய சக்கரத்தை உரசுகிறது என்று சொல்ல இதுவரை அந்த ஷெட்டில் ஒருவன் பிறக்கவில்லை. நெட்டை வாயைப் பிளந்தான். மேஸ்திரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது ஒரு வசவு. விழுங்கிக்கொண்டு கிட்டே போய்த் தானே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். மெல்லிசாய், சர்ரென்று, ஒரு பக்கமாய் உரசியது. உண்மைதான். எட்டாம் நம்பரை மட்டும் அழுதுகொண்டே பூட்டியிருந்தார், அதனால் கோணலாய்ப் போயிருக்க வேண்டும்.

"ஒரு பக்கம் ஷூ சரியா உக்காரலை" என்றார் சின்னவர். சொல்லிவிட்டு ரெஜிஸ்டரை மூடிவிட்டார். "பிரிச்சு மறுபடி போடணும். போட்டாத்தான் கையெழுத்து."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "விடுங்கப்பா, நேரமாகுது, மேல போய்ப் பாத்துக்கலாம்..."

"போடறேன் சார்" என்றார் மேஸ்திரி. "அவரு சொல்றது சரிதான்."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவரே சக்கரத்தைக் கழற்றினார், டிரம்மை இழுத்தார், வண்டிக்கடியில் படுத்து உள்ளே நகர்ந்தார். வெளியே சின்னவரின் துவைத்த பேன்ட்டும் பாலிஷ் போட்ட பூட்ஸும் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்கள் அங்கேயே நின்றன. கொஞ்ச நேரம் இரும்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க" என்று உள்ளேயிருந்து மேஸ்திரி கூப்பிட்டார். "நீங்க எல்லாரும் போயிட்டா நான் யாரைத் திட்டறது?"

அந்தக் கால்கள் ஒரு அடி கிட்டே வந்தன.

"முதல்ல அந்த ஷூவை நேரா வெச்சு முறுக்குங்க" என்றார் சின்னவர்.

மேஸ்திரி முறுக்கினார்.